கேட்டவருக்கெல்லாம் ஓம்

கணினி அறைப் பிள்ளைகளே, போன கிழமை உங்களில் ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தீர்கள். பெயரைச் சொல்லிக் காட்டிக்கொடுக்கமாட்டேன்.

"அக்கா, சேவரில ஒரு ஃபைலுக்குள்ள தமிழில ஒரு வரி கிடக்கு. கீழ உங்கட பேரும் கிடக்கு. புதுசா வந்த பணிப்பாளர் அதில இருக்கிற நம்பரை மாத்தச் சொல்லுறார். அப்ப வரியையும் அழிச்சுவிடட்டோ?"

"நீர் அவருக்கு என்ன சொன்னனீர்?"

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

அந்த ஓம், அந்தச் சம்மதம், எனக்குக் காதுக்குள் சுட்டது. "கையை எடும். ஒண்டையும் தொடாதேயும். நான் எழுதி அனுப்புறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று பின்னேரம் முழுக்க எனக்குக் கோபம் ஆறவில்லை. பாவம், அந்தப் பிள்ளையில் கோபம் இல்லை. நானும் ஒரு காலத்தில் அதே கதிரையில் இருந்து அதே ஓமைச் சொன்னவள், அதுதான்.

ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற கடிதத்தில் ஆசீர்வாதம் இருக்கும், பழைய பெருமை இருக்கும். இதில் இரண்டும் இல்லை. நானாட்டானில் வயல்காரர் வீட்டில் பிறந்து, தோட்டவெளியில் கலியாணம் கட்டி, மன்னார் நகரத்துக் கந்தோர் ஒன்றின் கணினி அறையில் இருபத்தாறு வருடம் குந்தியிருந்தவள் நான். அந்த இருபத்தாறு வருடத்தில் செய்த பிழைகளில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன். மற்றப் பிழைகளை நீங்களே செய்து பழகிக்கொள்ளுங்கள்.

முதலில் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு விஷயம். தெரிந்தவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு பொறுங்கள்.

ஒரு நிரல் ஓடத் தொடங்கும்போது நினைவகம் கேட்கும். "எனக்கு இவ்வளவு வேணும்" என்று. இயங்குதளத்தின் நடுவில் இருக்கிற கேர்னல், தன்னிடம் அவ்வளவு இருக்கிறதா என்று பெரிதாக எண்ணிப் பார்க்காது. ஓம் என்று சொல்லிவிடும். அடுத்த நிரல் வந்து கேட்கும். அதற்கும் ஓம். இருப்பதைவிடக் கூடுதலாக வாக்குக் கொடுத்தபடியே இருக்கும். இது களவு இல்லை. கேட்பவர்கள் எல்லாரும் கேட்டதை முழுக்க, ஒரே நேரத்தில் எடுக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை. எங்கள் ஊர்க் கலியாண வீடு மாதிரித்தான். அறுநூறு பேருக்குச் சொல்லுவோம். அறுநூறு பேரும் "ஓம் ஓம், கட்டாயம் வாறம்" என்பார்கள். நாங்கள் நானூறு பேருக்குச் சமைப்போம். அநேகமாகச் சரிவரும்.

அறுநூறு பேரும் வந்து நிற்கிற நாள் ஒன்று இருக்கிறது. அன்றைக்குக் கலியாண வீட்டில் மானம் போகும். கணினியில் உயிர் போகும். கேர்னல் பந்தியைச் சுற்றிப் பார்த்து, ஆகக் கூடச் சாப்பிடுகிற நிரல் எது என்று பிடித்துக் கொன்றுபோடும். ஓம் என்று சொல்லி உள்ளே விட்ட அதே கைதான் கொல்லும். எதைக் கொல்லக்கூடாது என்று நாங்கள் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் எண் இருக்கிறது. அதில் மறை ஆயிரம், அதாவது கழித்தல் குறியோடு ஆயிரம், என்று போட்டால் கேர்னல் அந்த நிரலைத் திரும்பியும் பார்க்காது. உங்கள் பணிப்பாளர் மாற்றச் சொல்லுகிற எண் அதுதான்.

இனிக் கதை.

எங்கள் கந்தோரின் வேலை உங்களுக்குத் தெரியும். காலையில் எந்தெந்த வள்ளம் கடலுக்குப் போகிறது என்று பதிவது. வானிலை மோசமாகிறது என்று தகவல் வந்தால் கடலில் நிற்கிற வள்ளங்களுக்கு அறிவிப்பது. வள்ளத்தில் போகிறவர்கள் கைத்தொலைபேசியை நாலு ஷொப்பிங் பையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். எஞ்சின் சத்தத்தில் அது அடிப்பது கேட்காது. அதனால் ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருந்தோம். எங்கள் சேவரிலிருந்து செய்தி போனால் அது எஞ்சினையும் மீறிக் கூவும். ஊரில் அதற்குச் சேவல் என்று பெயர். சேவல் கூவினால் வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வரவேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

அந்தச் செய்தியை அனுப்புகிற நிரலுக்குப் பெயர் கபிரியேல். வைத்தவள் மெற்றில்டா. அறிவித்தல் மேசையில் வேலை செய்கிறவள், பேசாலைக்காரி. "நல்ல செய்தி, கெட்ட செய்தி ரண்டையும் கொண்டுவாறது சம்மனசுதானே அக்கா" என்றாள். நான் சைவக்காரி, தேவதூதரைச் சம்மனசு என்று சொல்லுவார்கள் என்று அவளிடம்தான் படித்தேன். பிறகு கந்தோர் முழுக்க அந்த நிரலுக்குச் சம்மனசு என்றே பெயராகிவிட்டது. மெற்றில்டாவின் புருஷன் யூட் கடல்தொழில். அவருடைய வள்ளத்தின் பெயர் வேளாங்கண்ணி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்திருங்கள், பின்னால் வரும்.

அதே சேவரில் இன்னொரு நிரல் இருந்தது. அதற்குப் பெயர் படம். கூட்ட மண்டபத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு ரிவி. அதில் மன்னார்த் தீவு, சுற்றிக் கடல், வள்ளங்கள் எல்லாம் பச்சைப் புள்ளியாக மினுங்கும். பார்க்க வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்தக் கண்டறியாத படம் நினைவகத்தை எடுக்குமே தவிரத் திருப்பிக் கொடுக்காது. ஒவ்வொரு தரம் கிட்ட இழுத்துப் பார்க்கும்போதும் இன்னும் கொஞ்சம் எடுக்கும். இரண்டு மூன்று நாளில் கேர்னல் அதைப் பிடித்துக் கொல்லும். அது திரும்ப எழும்பும். என்னைக் கேட்டால் அது நல்ல ஒழுங்கு. பெருந்தீனிக்காரன் போகட்டும், வேலைக்காரன் மிஞ்சட்டும்.

அப்போது இருந்த பணிப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. கெட்ட மனிசன் இல்லை. எல்லாருடைய பிறந்தநாளுக்கும் கேக் வாங்கி வருவார். ஒருநாள் என் மேசைக்கு வந்து நின்றார்.

"மிஸ், ரண்டு நாளில கொழும்பிலயிருந்து ஆக்கள் வருகினம். அவைக்கு முன்னால படம் நிண்டுபோகக் கூடாது. ஏதாவது செய்யலாமோ?"

செய்யலாம் என்று எனக்குத் தெரியும். செய்யக்கூடாது என்றும் தெரியும். படத்தைக் காப்பாற்றினால் அடுத்த பெரியது சம்மனசுதான். அதைச் சொல்ல வாய் திறந்தேன். அவர் நல்ல மனிசன், நிற்கிறார், பார்க்கிறார், சிரிக்கிறார். எங்கள் ஆட்களுக்கு முகத்துக்கு முன்னால் இல்லை என்று சொல்ல வராது. ஆகக் கூடினால் "பாப்பம்" என்போம். கேட்டவனும் அதை இல்லை என்று விளங்கிக்கொண்டு போய்விடுவான். அன்றைக்கு எனக்கு அந்தப் பாப்பம்கூட வரவில்லை.

"ஓம் சேர்" என்றேன்.

படத்தின் எண்ணை மறை ஆயிரம் ஆக்கினேன். அரை நிமிட வேலை.

இதற்கு முன் ஒருவர் எனக்கு இதைப் பற்றிச் சொல்லியிருந்தார். சிலாவத்துறையிலிருந்து வந்து எங்கள் சேவர்களைப் பொருத்தித் தந்தவர், என் வயதுக்காரர். பெயர் எழுதினால் சண்டைக்கு வருவார். கேர்னலை வாக்குக் கொடுக்கும்போதே எண்ணிக் கொடுக்கச் செய்யலாம், இருப்பதற்கு மேல் கேட்டால் வாசலிலேயே இல்லை என்று சொல்ல வைக்கலாம் என்று அவர்தான் காட்டினார். "மெசினுக்கு இல்லையெண்டு சொல்லப் பழக்கலாம். அது கஷ்டமில்லை. நீங்க பழகுறதுதான் கஷ்டம்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த ஒழுங்கைப் போட்டால் படம் முதலிலேயே எழும்பாது, பணிப்பாளர் முகம் சுளிப்பார் என்று போடாமல் விட்டேன்.

கொழும்புக்காரர் வந்த நாள் கார்த்திகை மாதம், வாடைக் காற்றுக் காலம். காலையில் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. எழுபது வள்ளமளவில் போயிருந்தன, வேளாங்கண்ணியும் போயிருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்தவர்கள் மண்டபத்தில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆளாளுக்கு ரிமோட்டை வாங்கித் தங்களுக்குத் தெரிந்த இடத்தைக் கிட்ட இழுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் நினைவகம் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வானிலைத் தகவல் வந்தது. தூரக் கடலில் நின்ற தாழமுக்கம் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது, ஒரு மணித்தியாலத்துக்குள் பலத்த காற்று. மெற்றில்டா பொத்தானை அமத்தினாள். சம்மனசு எழும்பி வேலையைத் தொடங்கியது. காலையில் கேர்னல் அதற்கும் ஓம் என்று வாக்குக் கொடுத்திருந்தது. இப்போது அது வந்து வாக்கைக் கேட்டது. கொடுக்க ஒன்றும் இல்லை. பதினொரு வள்ளத்துக்குச் செய்தி போனதும் கேர்னல் அதைக் கொன்றது.

நிரல் செத்தால் தானாகத் திரும்ப எழும்பும்படி வைத்திருந்தோம். எழும்பியது. பட்டியலின் தலையிலிருந்து தொடங்கியது. அதே பதினொரு வள்ளம். திரும்பச் செத்தது. திரும்ப எழும்பியது, அதே பதினொன்று. அகர வரிசைப் பட்டியல், கண்டீர்களா. எங்கள் கரையில் வள்ளத்துக்கெல்லாம் புனிதர் பெயர்தான். அந்தோனியார் மட்டும் ஐந்து பேர். ஐந்து அந்தோனியாருக்கும் சேவல் மூன்று தரம் கூவியது. அதில் ஒருவர் கரைக்குக் கிட்ட வந்ததும் தொலைபேசி எடுத்து, "விளங்கிட்டு பிள்ளை, வாறம், வாறம், நிப்பாட்டுங்கோ உந்தச் சேவலை!" என்று பேசினார். வேளாங்கண்ணி பட்டியலில் கடைசிக்கு முதல்.

மெற்றில்டா என் அறைக்குள் ஓடி வந்தாள்.

"அக்கா, சம்மனசு செத்துச் செத்து எழும்புது. பதினொண்டுக்கு மேல போகேல்லை. யூட் வெளியில நிக்கிறார். போன் அடிச்சுப் பாத்திட்டன், எடுக்கேல்லை."

"அவற்ற சேவல் கூவேல்லையோ?"

"வேளாங்கண்ணிக்கு இன்னும் போகவேயில்லை அக்கா."

நல்ல காலம், என் திரையில் முன்பே திறந்த ஒரு கட்டளை ஜன்னல் இருந்தது. புதிதாக ஒன்றையும் திறக்க முடியாது. சேவர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ஓர் எழுத்தை அடித்தால் அது திரையில் விழ நான் பத்து எண்ணவேண்டும். ஆனால் கேர்னல் ஒரு கொலை செய்தால் அதற்கு ஒரு குறிப்பு எழுதிவைக்கும். ஓடுகிற எல்லா நிரலின் பெயர், ஆளுக்கு எவ்வளவு தின்றது, ஆளுக்கு என்ன எண், எல்லாம் வரிசையாக. அந்தக் குறிப்புத் திரையில் கிடந்தது. மேலிருந்து பார்த்தேன். படம், மலை மாதிரி. அதற்குப் பக்கத்தில் மறை ஆயிரம். சம்மனசு, அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பக்கத்தில் பூச்சியம். கீழே ஒரு வரி: கொல்லப்பட்டது கபிரியேல்.

கேர்னலில் பிழை இல்லை. கொடுத்த உத்தரவைச் சரியாகச் செய்தது. உத்தரவு என்னுடையது.

கேர்னல்தான் படத்தைத் தொடாது. நான் தொடலாம். படத்தின் அடையாள இலக்கம் குறிப்பிலேயே இருந்தது. ஒரு சொல், ஓர் இலக்கம், அவ்வளவையும் அடித்தால் முடிந்தது. அடிக்கத் தொடங்கினேன். அப்போது பணிப்பாளர் வாசலில் வந்து நின்றார். மண்டபத்தில் படம் இழுத்து இழுத்து அசையத் தொடங்கியிருந்தது, அதைக் கேட்க வந்திருந்தார்.

"என்ன மிஸ் செய்யுறீங்கள்?"

"படத்தைக் கொல்லப்போறன் சேர். செய்தி போகுதில்லை."

"பொறுங்கோ, பொறுங்கோ. இன்னும் பத்து நிமிசம். அவை எழும்பிப் போகட்டும்."

"காத்து வருது சேர்."

"கடல்காரருக்கு வானத்தைப் பாத்தாத் தெரியும்தானே மிஸ். அவை சேவல் வர முதலும் கடலுக்குப் போனவைதானே. பத்தே பத்து நிமிசம்."

பிள்ளைகளே, இங்கே பொய் சொன்னால் என்னைவிட நல்லவளாகத் தெரிவேன். சொல்லமாட்டேன். நான் நிறுத்தினேன். விரல் கீபோட்டில், மனம் கணக்குப் போடுகிறது. பத்து நிமிடம்தானே. வானிலைத் தகவல் ஒரு மணித்தியாலம் என்றுதானே சொல்கிறது. இவரும் சொல்வது முழுப் பொய் இல்லையே. நல்ல மனிசன், நிற்கிறார். இன்னொரு ஓம் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

மெற்றில்டாவுக்குக் கணினி தெரியாது. அவள் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா, சம்மனசைத்தான் கொல்லவேணும் எண்டு ஆர் அதுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாள். குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. உண்மையாகத் தெரியாமல் கேட்டாள்.

பணிப்பாளர் நிலத்தைப் பார்த்தார். நான் அடித்தேன். எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது. கடைசி இலக்கம் விழும்வரைக்கும் அவர், "மிஸ், வேண்டாம். மிஸ், நான் சொல்லுறன்" என்றபடி நின்றார்.

"நீங்கள் சொல்லித்தான் இவ்வளவும் சேர்" என்றேன். என்ரர் கட்டையை அமத்தினேன்.

மண்டபத்தில் சுவர் கறுத்தது. யாரோ "அடடா" என்பது இங்கே கேட்டது. சேவர் ஒரு பெருமூச்சு விட்டமாதிரி இலகுவானது. சம்மனசு எழும்பியது. பதினொன்று, பன்னிரண்டு, இருபது, நாற்பது. மெற்றில்டா வாய்க்குள் அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டே எண்ணினாள். எழுபதுக்கும் போய் முடிந்தது. வேளாங்கண்ணிக்கு நேரே மட்டும், போய்ச் சேர்ந்தது என்ற குறி விழவில்லை. அனுப்பியாயிற்று, எடுக்க ஆள் இல்லை என்பதுதான் அதன் பொருள்.

முதல் தரம் அமத்தியதிலிருந்து அதுவரைக்கும் இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. காற்று ஒரு மணித்தியாலம் பொறுக்கவில்லை.

கரைக்குப் போய் நின்றோம், அவளும் நானும். ஒவ்வொன்றாக வந்தன. அந்தோனியார்கள் முன்னமே வந்து தேநீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். பொழுது படுகிற நேரம் வேறொரு வள்ளத்தில் யூட்டைக் கொண்டுவந்தார்கள். வேளாங்கண்ணி கவிழ்ந்துவிட்டது. கவிழும்போது வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் இடையில் வலக்கை நசுங்கிவிட்டது. மற்றக் கையால் ஒரு எண்ணெய்க் கலனைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார். ஆள் உயிரோடு வந்தார். அதற்கு நான் எல்லாக் கடவுளுக்கும் நன்றி சொன்னேன், என்னுடையவருக்கும் அவளுடையவருக்கும்.

கரையில் நின்றவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். பணிப்பாளரை எதிர்த்துப் படத்தை நிறுத்தினேனாம், துணிச்சல்காரியாம். கதை அதற்குள் பேசாலைவரைக்கும் போய்விட்டது. மெற்றில்டா யூட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரி வாசலில் கேட்டாள்.

"அக்கா, நான் முதல் தரம் அமத்தேக்க ஏன் போகேல்லை?"

கேர்னல், நினைவகம் என்று ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். அவளுக்கு விளங்கியும் இராது.

"ஆரைக் கொல்லக்கூடாது எண்டு அதுக்கு நாங்கள் சொல்லிவைக்கலாம் மெற்றில்டா. நான் படத்தைக் கொல்லாதை எண்டு சொல்லி வைச்சனான். அதாலதான் சம்மனசைக் கொன்றுபோட்டுது."

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"சேர் கேட்டார். ஓம் எண்டிட்டன்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரி அக்கா" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். பிறகு மாதக் கணக்காக வேலைக் கதையைத் தவிர என்னோடு வேறு கதை இல்லை.

இதற்கிடையில் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அனுமதியின்றிக் காட்சியை நிறுத்தியமை, அதிதிகள் முன்னிலையில் நிறுவனத்துக்கு அவமானம். மூன்று பேர் வைத்து விசாரணை. பணிப்பாளரும் ஒரு பக்கத்தில் இருந்தார்.

"அனுமதி இல்லாமல் காட்சியை நிப்பாட்டினீங்களோ மிஸ்?"

"ஓம்."

"அது பிழையெண்டு ஏற்றுக்கொள்ளுறீங்களோ?"

"இல்லை."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அந்தக் கந்தோரில் நான் சொன்ன முதல் இல்லை அது. வாயில் புதுச் செருப்புக் கடிக்கிற மாதிரிக் கடித்தது. ஆனால் ஒன்று வந்துவிட்டால் பின்னால் வருவது லேசு.

"என்னைக் குற்றம் சாட்டுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனால் சரியான குற்றத்தைச் சாட்டுங்கோ. படத்தை நிப்பாட்டினது குற்றமில்லை. அதுக்கு ரண்டு நாளைக்கு முதலே மறை ஆயிரம் போட்டதுதான் குற்றம். போட்டது நான். போடச் செய்தது இவர். ரண்டு பேரையும் எழுதுங்கோ. நான் முதல் ஆளாக் கையெழுத்து வைக்கிறன்."

மூன்று பேரும் ஆளை ஆள் பார்த்தார்கள். "அது இந்த விசாரணைக்குள்ள வராது மிஸ்" என்றார் எழுதுகிறவர்.

"அப்ப இந்த விசாரணைக்குள்ள நானும் வரேல்லை" என்று எழும்பி வந்துவிட்டேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்தார்கள். வீட்டு அலுமாரிக்குள் கிடக்கிறது. அவர்கள் எழுத மறுத்ததை நான் வேறு ஓரிடத்தில் எழுதினேன். அதுதான் நீங்கள் கண்டுபிடித்த வரி.

அதே நாள் சிலாவத்துறைக்காரர் காட்டிய ஒழுங்கையும் போட்டேன். கேர்னல் எண்ணிக் கொடுக்கத் தொடங்கியது. படம் வந்து வழக்கம்போலக் கேட்டது. வாசலிலேயே இல்லை என்று பதில் வந்தது. பணிப்பாளர் தலையில் கை வைத்தார். உலகம் அழியவில்லை. படத்தைச் செய்து தந்த ஆட்கள் இரண்டு நாள் புறுபுறுத்துவிட்டு, அதைப் பாதியாகச் சுருக்கிக் கொண்டுவந்தார்கள். அது இன்றைக்கும் மினுங்குகிறது. நானாட்டானில் சிறுபோக விதைப்புக்கு முன் கூட்டம் வைத்துக் குளத்துத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்குக் காணும் என்று அளந்து, அதற்கு மேல் விதைக்கக் கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்லுவார்கள். அந்தக் கூட்டத்தில் சண்டை வரும், வேட்டி கிழியும். ஆனால் விதைத்த பயிர் கருகாது. வாசலில் இல்லை என்று கேட்டவன் வேறு வழி பார்ப்பான். ஓம் என்று நம்பி உள்ளே வந்தவனுக்கு வேறு வழி இல்லை. எல்லாச் சேவருக்கும் இந்த ஒழுங்கு பொருந்தாது, அதையும் சொல்லவேண்டும். எங்கே பொருந்தும் என்று யோசிக்கத்தான் உங்களுக்குத் தலை இருக்கிறது.

உங்களில் கெட்டிக்காரன் ஒருவன் இப்போது கேட்பான்: படத்துக்கும் சம்மனசுக்கும் இரண்டு பேருக்குமே மறை ஆயிரம் போட்டால் என்ன, பணிப்பாளருக்கும் சந்தோஷம், எங்களுக்கும் சந்தோஷம் என்று. விசர்க் கதை. எல்லாரையும் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுத்தால், நெருக்கடி வரும் நேரம் கொல்ல ஆள் இல்லாமல் முழுச் சேவரும் விழும். பிறகு படமும் இல்லை, சம்மனசும் இல்லை. எதைக் கைவிடுவது என்று காற்று வர முதல் முடிவெடுக்க முடியாதவர்கள் இந்த அறைக்குள் இருக்கக் கூடாது. அந்த முடிவைச் சிரித்த முகத்தோடு வாசலில் நிற்கிறவருக்குக் கொடுக்கவும் கூடாது. அவர் நல்ல மனிசனாக இருந்தால் இன்னும் கவனம்.

வரியைப் பற்றி ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. அதை எழுதிச் சில மாதம் கழித்து மெற்றில்டா ஏதோ பட்டியல் திருத்த என் அறைக்கு வந்தாள். அந்த ஃபைல் திரையில் திறந்து கிடந்தது. தமிழ் எழுத்தைக் கண்டுவிட்டு நின்று சத்தமாக வாசித்தாள்: "இந்த எண் சம்மனசுக்கு மட்டும். ஒருமுறை நான் படத்துக்குப் போட்டேன். வேளாங்கண்ணிக்குச் சேவல் கூவவில்லை."

கீழே இருந்த என் பெயரையும் வாசித்தாள். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தாள். "உதை ஆரும் அழிப்பினமோ அக்கா?" என்று கேட்டாள்.

"நான் இருக்குமட்டும் இல்லை" என்றேன்.

நான் இப்போது அங்கே இல்லை. அதனால் இந்தக் கடிதம். புதுப் பணிப்பாளர் புதுப் படம் கொண்டுவந்திருக்கிறார், அதிதிகள் வரப்போகிறார்கள், அந்த எண்ணைப் படத்துக்குப் போடச் சொல்லுகிறார். நீரும் ஓம் சொல்லிவிட்டீர். சரி. நான் வேண்டாம் என்று கட்டளை போடப்போவதில்லை. எனக்கு இப்போது அந்தக் கந்தோரில் ஒரு கதிரைகூட இல்லை. என்னிடம் கேட்கவேண்டாம், பணிப்பாளரிடமும் கேட்கவேண்டாம். மெற்றில்டா பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். நாலு மணிக்கு யூட் அவளைக் கூட்டிப்போக மோட்டார் சைக்கிளில் வருவார்; வலக்கை நீளாது, அதனால் ஓட்டுவது மகன், யூட் பின்னால் இருப்பார். அவர் வாசலில் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். ஃபைலைத் திறந்து அவளுக்குக் காட்டுங்கள். வரியை அழிக்கட்டோ என்று கேளுங்கள்.

அவள் ஓம் என்றால் அழியுங்கள்.